கேரவன் வேண்டாம், கக்கூஸ் போதும்

சென்னையில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் அண்ணன் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். வந்த அன்றைக்கே போனை நீட்டி, "ஏல, இதப் பாரு" என்றார். பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, ஒரு வேன். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவுகிற தொட்டி, ஜன்னலோரம் ஒரு குட்டிச் செடி. காலையில் கதவைத் திறந்தால் பனி மலை, சாயங்காலம் கதவைத் திறந்தால் கடல். பின்னாடி கிடார் சத்தம். அந்தப் பெண் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மலையைப் பார்க்கிறாள், பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நம்ம வீட்டில் அவ்வளவு நேரம் காப்பி சூடாக இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அப்புறம் அண்ணன் விஷயத்துக்கு வந்தார். "பாபநாசத்துல மலை, மணப்பாட்டுல கடல், நடுவுல தாமிரபரணி. இத விட என்னல வேணும்? ரெண்டு கேரவன் வாங்கி விட்டாப் போதும், பெங்களூர்க்காரன் வரிசைல நிப்பான். நீ பி.காம்தான படிக்க? ஒரு கணக்குப் போட்டுக் குடு."

கணக்குப் போட்டேன். போடப் போடக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம்தான் இந்தக் கட்டுரை. அண்ணன் மேல் கோபம் இல்லை (அவர்தான் எனக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டியவர், ஹி ஹி). கேரவன் என்கிற ஐடியா மேல்தான்.

முதலில் தூரம். பாபநாசத்தில் வண்டியை எடுத்தால் விக்கிரமசிங்கபுரம், அம்பை, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, திருநெல்வேலி. அங்கிருந்து செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர், திருச்செந்தூர். அப்புறம் குலசேகரன்பட்டினம் தாண்டி மணப்பாடு. மொத்தமே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற தாமிரபரணியின் மொத்த நீளமே 125 கிலோமீட்டர் பக்கம்தான். காலையில் அருவியில் குளித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடற்கரை. இந்த வழியில் அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை இல்லையென்றால்தான் ஆச்சரியம்.

கேரவன் எந்த ஊருக்காகப் பிறந்தது? ஆஸ்திரேலியா மாதிரி, ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் வருவதற்குள் பொழுது சாய்கிற தேசத்துக்கு. அங்கே வழியில் படுக்க இடம் கிடையாது, அதனால் படுக்கையைக் கூடவே கொண்டு போகிறான். நியாயம். மூன்று மணி நேரத்தில் மலையில் இருந்து கடலுக்கு வந்துவிடுகிற ஆற்றங்கரையில் கட்டிலைச் சுமந்துகொண்டு எதற்கு அலைய வேண்டும்? பத்தமடை வழியாகத்தானே போகிறோம், ஒரு பாய் வாங்கினால் வேலை முடிந்தது.

சரி, நகைச்சுவை போதும். அண்ணனுக்கு மறந்து போன ஒரு விஷயம் இருக்கிறது. இந்தப் பயணத்தை நாங்கள் ஏற்கெனவே வருடா வருடம் போய்க்கொண்டிருக்கிறோம். அவரும்தான் வந்திருக்கிறார், டவுசர் போட்ட வயதில்.

எங்கள் தெருவில் ஒரு வேன் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும். முகூர்த்த நாளில் கல்யாணத்துக்கு ஓடும். துஷ்டி வீட்டுக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமை கோயில். அதில் பதினெட்டு பேர் ஏறினால் அது பாதி வேன். மடியில் பிள்ளைகள், காலடியில் புளியோதரைத் தூக்கு, பின் சீட்டுக்கு அடியில் பெரிய சட்டி, அரிவாள்மணை, கேஸ் அடுப்பு, மேலே கேரியரில் ஜமுக்காளமும் தண்ணீர்க் குடமும். டிரைவர் அண்ணாச்சிக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பதற்கென்றே முன் சீட்டில் ஒரு மாமா. போன தடவை டீசல், வாடகை, பேட்டா எல்லாம் சேர்த்துத் தலைக்கு 850 ரூபாய் வந்தது, ஒன்றரை நாளுக்கு. அண்ணன் விசாரித்த கேரவன் வாடகை ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல். ஏறுவது நாலு பேர். வகுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் முந்தைய வண்டியைப் பற்றி ஆச்சிதான் சொல்லுவாள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு மாட்டு வண்டியில் போன கதை. கூண்டு வண்டிக்குள் அரிசி, பருப்பு, விறகு, கைப்பிள்ளை. ராத்திரி ஆனால் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டிக்கு அடியில் பாய் விரித்து எல்லாரும் படுப்பார்களாம். வண்டிதான் வீடு, வண்டிதான் அடுக்களை. கேரவனில் இருந்து ஒரு இன்ஜினைக் கழித்தால் வருவது அதுதானே?

சொரிமுத்து அய்யனார் கோயில் காரையாற்றுப் பக்கம், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்கு உள்ளே இருக்கிறது. 1988-ல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆடி அமாவாசை சமயத்தில் ஆற்றங்கரையில் குடில் போட்டுக் குடும்பம் குடும்பமாகத் தங்குவார்கள். காட்டுக்குள் கூட்டமும் குப்பையும் தாங்காமல் போனதால் சில வருடங்களாகத் தங்குகிற நாட்களைக் குறைத்துவிட்டார்கள், தனியார் வண்டிகளை நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் ஜனங்கள் பஸ் ஏறிப் போகிறார்கள். நூற்றாண்டுப் பழக்கம் உள்ளவனையே இறக்கி பஸ்ஸில் ஏற்றிய காட்டில், பெங்களூர்க்காரன் கேரவனை நிறுத்திக் காலையில் கதவைத் திறந்து மலையைப் பார்க்கலாம் என்று அண்ணன் கணக்குப் போடுகிறார். எந்தச் சட்டப்படி?

அண்ணன் போட்ட ரூட்டில் மாஞ்சோலையும் இருந்தது. "வியூ பாயிண்ட்" என்று குறித்து வைத்திருந்தார். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு ஒரு கம்பெனிக்கு விட்டது. குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பாகவே 2024 ஜூனில் தொழிலாளிகளிடம் விருப்ப ஓய்வுக் காகிதம் நீட்டப்பட்டது. நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து பறித்தவர்கள். கூலி கேட்டு அவர்கள் 1999 ஜூலை 23 அன்று நெல்லைக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தபோது போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். அதுவும் இதே தாமிரபரணிதான். அந்த ஜனங்களைக் கீழே இறக்கிவிட்ட மலைக்கு வண்டி ஏற்றிக் காப்பி குடிக்கிற திட்டத்துக்குக் கணக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. இதை அண்ணனிடம் சொன்னேன். "சரி, மாஞ்சோலைய எடுத்துருவோம்" என்றார் உடனே. மனுஷன் நல்லவர்தான்.

இந்தப் பேச்செல்லாம் திண்ணையில் நடந்துகொண்டிருந்தபோது மைனி உள்ளே இருந்து வந்து போனை வாங்கி அந்த வீடியோவைப் பார்த்தார். கட்டிலைக் காட்டியபோது ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பைக் காட்டியபோது, "ஊருக்குப் போயும் நாமதான் பொங்கணுமாக்கும்" என்றார். கடைசியில் ஒரு சின்னக் கதவைத் திறந்து காட்டினார்கள். உள்ளே கக்கூஸ். மைனி அங்கே நிறுத்தி மறுபடியும் பார்த்தார். "தம்பி, இது ஒண்ணு போதும். மத்ததெல்லாம் யாருக்கு வேணும்" என்றார்.

நான் மூன்று நாள் உட்கார்ந்து போட்ட கணக்கை மைனி ஒரு வரியில் முடித்துவிட்டார்.

எங்கள் ஆச்சிக்கு வயது எழுபத்து நாலு. வேன் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் ஒரு வாய் காப்பி குடிப்பாள், அதோடு சரி. வீடு திரும்புகிற வரைக்கும் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. சின்ன வயதில் நான் அதை விரதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே! மூன்று வருடத்துக்கு முன்னால் சித்திரை வெயிலில் போனபோது திருச்செந்தூரில் கடலில் குளித்துவிட்டு மேலே ஏறியவள் அப்படியே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, "உடம்புல தண்ணியே இல்லையே, நீங்கள்லாம் என்னத்தப் பாத்தீங்க?" என்று எங்களைத்தான் திட்டினார். குளுக்கோஸ் ஏறி, கண் முழித்து, அம்மா அழுதுகொண்டே, "ஏன் அத்தை தண்ணி குடிக்காம இருந்தீங்க?" என்று கேட்டதற்கு ஆச்சி சொன்னது: "குடிச்சா எங்க தாயி போயி இறங்க?"

ஆம்பிளைகளுக்கு என்ன, வேனை ஓரமாக நிறுத்தினால் உடைமரம் இருக்கிறது. நாங்கள் இறங்கி, கதை பேசி, ஒரு சிகரெட்டும் பிடித்துவிட்டு (நான் இல்லை, மாமாக்கள்) ஏறுவோம். வேனுக்குள் ஒன்பது பொம்பளைகள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்திகூட இறங்கவில்லை என்பது இருபது வயது வரைக்கும் என் கண்ணில் படவே இல்லை. அதே பயணத்தில் வழியில் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) கட்டணக் கழிப்பிடம் ஒன்று இருந்தது. பூட்டுத் தொங்கியது. டீக்கடையில் கேட்டால், "சாவி வச்சிருக்கவர் கல்யாணத்துக்குப் போயிருக்காரு" என்றார்கள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கேரவன் என்றால் தமிழ்நாட்டில் முதலில் ஞாபகம் வருவது சினிமா. ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிற வண்டி. அம்பாசமுத்திரம் பக்கம் ஷூட்டிங் நடந்தால் வயலோரம் வரிசையாக நிற்கும், நாங்கள் சைக்கிளில் போய் வேடிக்கை பார்த்திருக்கிறோம். மலையாள சினிமாவில் பெண்கள் நிலைமையைப் பற்றி ஹேமா கமிட்டி எழுதிய அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியே வந்தது. பத்திரிகைகள் வேறு விஷயங்களை எல்லாம் பெரிசாகப் போட்டன. எனக்கு மனசில் நின்றது வேறு. ஷூட்டிங் இடங்களில் கழிவறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள், அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. ஹீரோவுக்குக் கேரவன் நிற்கிற அதே ஷூட்டிங்கில்! எங்கள் ஆச்சி செய்ததையே அவர்களும் செய்திருக்கிறார்கள்.

கேரவன் வந்தால் இப்படித்தான் ஆகும். கழிவறை என்பது வண்டி வைத்திருப்பவனின் சொந்தச் சொத்தாகிவிடும். காசு உள்ளவனுக்குத் தேவை தீர்ந்துவிட்டது என்றால் ரோட்டோரத்தில் ஒன்று கட்டு என்று கேட்கிற கூட்டத்தில் இருந்து சத்தமாகப் பேசத் தெரிந்த ஆள் ஒருத்தன் குறைந்துவிட்டான். கரண்ட் போனால் இன்வெர்ட்டர், குழாயில் தண்ணீர் வராவிட்டால் கேன் வாட்டர், அரசாங்கப் பள்ளிக்கூடம் சரியில்லையென்றால் இங்கிலீஷ் மீடியம். எல்லாவற்றிலும் இதே கதையைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

"கேரவன்ல உள்ளேயே இருக்கே, ஆறு கெடாதே" என்று அண்ணன் மடக்கினார். நல்ல கேள்வி. வண்டிக்குள் இருப்பது கக்கூஸ் மட்டும்தான். அதற்கு அடியில் ஒரு தொட்டி இருக்கும். ரெண்டு மூணு நாளில் நிரம்பும். நிரம்பியதை எங்கே கொட்டுவது? வீடியோவில் அதைக் காட்ட மாட்டார்கள், காப்பியைத்தான் காட்டுவார்கள். பிரான்ஸில் சின்னச் சின்ன ஊராட்சிகள்கூட இந்த மாதிரி வண்டிகளுக்கென்று இடம் ஒதுக்கி, தண்ணீர் பிடிக்கக் குழாயும் கழிவைக் கொட்டத் தனித் தொட்டியும் கட்டி வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். ஆக, அங்கே கேரவன் என்பது தனி வண்டி கிடையாது. பின்னால் ஒரு ஊராட்சி நிற்கிறது, ஒரு சுத்திகரிப்பு நிலையம் நிற்கிறது. முதலில் அது, அப்புறம்தான் வண்டி. நாம் கடைசியில் வர வேண்டியதை முதலில் வாங்குகிறோம். செப்டிக் டேங்க் லாரி ராத்திரியில் எங்கே போய்த் திறந்துவிடுகிறது என்று ஓடைக்கரையில் இருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். திருநெல்வேலி ஊருக்குள்ளேயே சாக்கடை ஆற்றில் கலக்கிறது என்று வழக்கு நடந்து, 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் இரண்டு பேர் நேரிலேயே வந்து பார்த்தார்கள். வீட்டுச் சாக்கடைக்கே வழி இல்லாத ஊரில் ஓடுகிற சாக்கடைக்கு யார் வழி செய்யப் போகிறார்கள்?

பக்கத்து மாநிலத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா' என்று தடபுடலாகத் திட்டம் அறிவித்தது, வாகமண்ணில் கேரவன் பார்க்கும் வந்தது. 2024 டிசம்பரில் அதே கேரளாவின் ஆஸ்பத்திரிக் கழிவு நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டிக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு அவர்களே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனார்கள். கேரவனுக்கும் ஆஸ்பத்திரிக் கழிவுக்கும் சம்பந்தம் கிடையாது, தெரியும். கொஞ்சம் அநியாயமான ஒப்பீடுதான். ஆனால் அழகான வியூ ஓரிடத்திலும் அதன் கழிவு இன்னோரிடத்திலும் போய்ச் சேர்கிற வழக்கம் எனக்கு அந்த மாதம்தான் உறைத்தது.

இதைப் படித்துவிட்டு வேன்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அண்ணன் என்னை அங்கேதான் பிடித்தார். "உங்க வேன் போன எடத்தப் போயிப் பாருல" என்றார். வாயை மூடிக்கொண்டேன். பாபநாசத்தில் பரிகாரம், தோஷம் என்று உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் யார்? நாம்தான். தன்னார்வலர்கள் இறங்கி டன் டன்னாக அள்ளியிருக்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றால் காலில் சேலை சுற்றும். மீன் சுற்றிய ஆறு அது. 2025-ல் உயர் நீதிமன்றமே தலையிட்டு, பாபநாசம் கோயிலைச் சுற்றி 500 மீட்டருக்குள் சோப்பு, ஷாம்பு விற்கவோ உபயோகிக்கவோ கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. போன தடவை எங்கள் வேனில் வந்த மாமா ஒருத்தர் வேட்டியை ஆற்றில் விடப் போனார். நான் தடுத்தேன். "சாஸ்திரம் தெரியாத பய" என்று திட்டினார். சண்டை போட்டேன். கடைசியில் அந்த வேட்டியைப் பாலிதீன் பையில் கட்டி வேன் மேலே போட்டேன். திருநெல்வேலி வரைக்கும் மாமா என்னோடு பேசவில்லை. பாவம் தீராமல் வீட்டுக்கு வந்த வேட்டி இப்போது பைக் துடைக்க உதவுகிறது :-)

எங்கள் கூட்டத்தின் சமையலும் அப்படித்தான். கிடைத்த இடத்தில் அடுப்பை வைப்போம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்ற ரயில் பெட்டி எரிந்தது ஞாபகம் இருக்கும். லக்னோவில் இருந்து வந்த யாத்திரைக் கூட்டம், பெட்டிக்குள் திருட்டுத்தனமாகக் கொண்டு வந்த கேஸ் சிலிண்டர், காலை டீ. ஒன்பது பேர் செத்தார்கள். சட்டப்படி தப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் வேனின் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிற சிலிண்டர்தான் ஞாபகம் வந்தது. கூட்டமாகப் போய், கூட்டமாகச் சமைத்து, கூட்டமாகச் சாப்பிடுவதுதான் நம் ஜனங்களின் யாத்திரை. ஓட்டலில் இருபது பேருக்குக் காசு கொடுக்க முடியாதவர்கள் பாதுகாப்பாக அடுப்பு வைக்க ஒரு கொட்டகை இருந்தால் அங்கே வைப்பார்கள். இல்லாவிட்டால் இருக்கிற இடத்தில் வைப்பார்கள்.

கொட்டகை என்றதும் கல்மண்டபங்கள் ஞாபகம் வருகின்றன. திருச்செந்தூர் ரோட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பாதி இடிந்து, ஆலங்கன்று முளைத்து, அங்கங்கே நிற்கும். நடந்து போகிறவன் களைப்பாற யாரோ கட்டி வைத்தது. இன்றைக்கும் பச்சை வேட்டி கட்டி, காவடி தூக்கித் திருச்செந்தூருக்கு நடக்கிறவர்கள் அதில்தான் ஒதுங்குகிறார்கள். ஆற்றங்கரையில் படித்துறைகள் வேறு. 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் வந்தபோது 144 வருடத்துக்கு ஒருமுறை என்று சொல்லிப் படித்துறை படித்துறையாகச் சரி செய்தார்கள். அதற்கெல்லாம் கை வந்தது. 1843-ல் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றுப் பாலத்தைத் தன் சொந்தக் காசில் கட்டிக் கொடுத்தவர் சுலோசன முதலியார். அதில்தான் நான் தினமும் காலேஜுக்குப் போகிறேன். அந்தப் பணத்துக்குத் தனக்கு மட்டும் என்று நல்லதாக ஒரு படகு வாங்கியிருந்தால் இன்றைக்கு அவர் பேர் யாருக்குத் தெரியும்?

இனி அண்ணன் கேட்ட கணக்கு. அவர் சொன்ன விலைப்படி ஒரு கேரவன் 40 லட்சம், இரண்டுக்கு 80 லட்சம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேய்மானம் உண்டு. தெரு வேன் மாதிரி அது பள்ளிக்கூடத்துக்கும் போகாது, கல்யாணத்துக்கும் போகாது. சீசன் இல்லாத மாதத்தில் ஷெட்டில் நிற்கும், வட்டி ஓடும். ஏறுகிறவன் சாமானைச் சென்னையிலேயே வாங்கிக்கொண்டு வருவான், உள்ளேயே சமைப்பான், உள்ளேயே தூங்குவான். அம்பையில் இட்லிக்கடைக்கு என்ன வரும், பத்தமடையில் பாய்க்காரருக்கு என்ன வரும் என்று ஒரு தலைப்புப் போட்டுப் பார்த்தேன், கீழே எழுத எதுவும் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கம். பாபநாசத்துக்கும் மணப்பாட்டுக்கும் நடுவே வேன்கள் ஏற்கெனவே நிற்கிற ஆறு இடங்களை எடுத்துக்கொள்வோம். இடத்துக்கு இரண்டு பேர், ஷிஃப்ட் போட்டு, சம்பளத்துக்கு. பெண்கள் பக்கத்துக்குப் பெண் ஆளாகவே இருக்கட்டும். மாதம் 12,000 என்று வைத்தால் பன்னிரண்டு பேருக்கு வருடத்துக்கு 17,28,000 ரூபாய். அண்ணனின் இரண்டு கேரவன் விலை நாலரை வருடச் சம்பளத்துக்கு வரும். கட்டடச் செலவு தனி, அதை மறைக்கவில்லை. ஆனால் நம் ஊரில் கட்டடம் எப்போதும் வந்துவிடும், திறப்பு விழாவும் நடந்துவிடும், கல்வெட்டில் பேரும் ஏறிவிடும். சாவி வைத்திருக்கிற ஆளுக்குச் சம்பளம் போடுகிற வரிதான் எந்தக் கணக்கிலும் இருப்பதில்லை. அதனால்தான் அவர் கல்யாணத்துக்குப் போய்விடுகிறார். அதே ஆறு இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், அடுப்பு வைக்க ஒரு தகரக் கொட்டகை. படித்துறைகளில் துணி போட ஒரு பெரிய தொட்டி.

2023-ல் தமிழக அரசு வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம் பெற்றிருக்கிறது. சந்தோஷம். வேன் சுற்றுலா என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தேன், என் கண்ணில் படவில்லை. குலசைத் தசராவுக்கும் ஆடி அமாவாசைக்கும் மாசித் திருவிழாவுக்கும் லட்சக்கணக்கில் போகிற ஜனத்தை யாரும் சுற்றுலாப் பயணி என்று சொல்வதில்லை. "கூட்டம்" என்கிறார்கள். கூட்டத்துக்குக் கயிறு கட்டுவார்கள், போலீஸ் போடுவார்கள், பார்க்கிங்குக்கு ரசீது கிழிப்பார்கள். பயணிக்குத்தான் வசதி செய்து கொடுப்பார்கள் போல.

கணக்கை அண்ணனிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "இதுல நமக்கு என்னல லாபம்?" என்றார். உள்ளே இருந்து மைனி, "ஆச்சி தண்ணி குடிப்பாவல்லா?" என்றார்.

பின்குறிப்பாக ஒன்று. கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், திங்கள்கிழமை போக வேண்டும். பாதி வழி தூத்துக்குடி மாவட்டத்தில் வருவதால் அங்கேயும் ஒரு நகல் கொடுக்க வேண்டும். (1986 வரைக்கும் எல்லாம் ஒரே மாவட்டமாக இருந்தது, ஒரு பஸ் டிக்கெட் மிச்சம் ஆகியிருக்கும்.) முதல் கையெழுத்து மைனி போட்டார். ஆச்சி கைநாட்டு. டிரைவர் அண்ணாச்சி எங்கள் தெரு முழுக்க எடுத்துக்கொண்டு போய் நாற்பத்து ஒன்று வாங்கி வந்தார். வேட்டி மாமாவும் போட்டிருக்கிறார், ஆச்சரியம்தான். அண்ணன் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்று சென்னைக்கு ரயில் ஏறிவிட்டார்.